டி.பி. மாத்திரை போட்டும் தம்பியின் இருமல் குறையவில்லை, வேறு என்னவாக இருக்கலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 26 வயது. வியாசர்பாடியில் வீடு, பெருங்குடியில் ஐ.டி. வேலை. மூன்று மாதத்துக்கும் மேலாக இருமல், சாயங்காலமானால் லேசான காய்ச்சல், எடை 6 கிலோ குறைந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள். சளி டெஸ்டில் கிருமி இல்லை. ஆனாலும் ஒரு டாக்டர் டி.பி. மாத்திரை ஆரம்பித்தார். இரண்டு மாதம் முடியப்போகிறது, பெரிய மாற்றம் இல்லை. இப்போது இன்னொரு டாக்டர், "இது அபூர்வமான நுரையீரல் நோயாக இருக்கலாம், பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்கலாம்" என்கிறார். வீட்டில் உங்கள் 3 வயது மகளும் இருக்கிறாள். யார் சொல்வதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னையில் நெஞ்சக நோய் மருத்துவராக வேலை பார்க்கிறேன். தம்பியை நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு டாக்டர்களும் ஒருவருக்கொருவர் எதிராகப் பேசவில்லை. முதல் டாக்டர் சந்தேகப்பட்டது நியாயம். நம் ஊரில் இந்த வயதில் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்று வந்தால் முதலில் டி.பி.யைத்தான் நினைக்க வேண்டும். அந்தச் சந்தேகம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை, இரண்டாவது டாக்டர் சொல்வது அவ்வளவுதான். அபூர்வ நோய் எது என்று தேடுவதற்கு முன்னால், டி.பி. இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு உறுதியான பதில் வாங்குங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"சளியில் கிருமி இல்லை" என்றால் எந்த டெஸ்டில் இல்லை? அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். மைக்ரோஸ்கோப்பில் மட்டும் பார்த்திருந்தால், ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். அதற்குக் குறைவாக இருந்தால் நெகட்டிவ் என்றுதான் வரும். சிபிநாட் என்கிற மூலக்கூறு டெஸ்ட் மில்லிக்கு 130 கிருமிகள் அளவில் இருந்தாலே பிடித்துவிடும், இரண்டு மணி நேரத்தில் முடிவு தெரியும், டி.பி.க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்றும் சொல்லிவிடும். ட்ரூநாட் என்கிற நம் நாட்டுக் கருவியும் இதே வேலையைச் செய்கிறது. அரசு மையங்களில் இவை இலவசம். சிபிநாட் செய்யவே இல்லை என்றால் நாளைக்கே செய்யுங்கள். கூடவே அதே சளியைக் கல்ச்சருக்கும், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்டுக்கும், அனுப்பச் சொல்லுங்கள். கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம்கூட ஆகலாம், பரவாயில்லை. இரண்டு மாதம் மாத்திரை போட்டபிறகு எடுக்கும் சளியில், செத்த கிருமியின் மிச்சத்தைக்கூட சிபிநாட் பாசிட்டிவ் என்று காட்டலாம். உயிருள்ள கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர்தான் சொல்லும்.

சளி கொடுக்கும் விதத்திலேயே பாதி டெஸ்ட் வீணாகிறது. டப்பாவைக் கையில் கொடுத்து "துப்பிக் கொண்டுவாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். வருவது எச்சில். காலையில் எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு மொட்டைமாடிக்கோ ஜன்னல் பக்கமோ போகச் சொல்லுங்கள். நன்றாக மூச்சை இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, அடியிலிருந்து இருமி எடுக்கவேண்டும். கெட்டியாக, பிசுபிசுப்பாக, இரண்டு மூன்று மில்லியாவது இருக்கவேண்டும். டப்பாவில் தண்ணீர் மாதிரி தெளிவாகத் தெரிந்தால் அதை லேபில் கொடுக்காதீர்கள், மறுநாள் மறுபடி எடுங்கள். சளியே வராதவர்களுக்கு 3 சதவீத உப்பு நீரை நெபுலைசரில் கொடுத்து வரவழைக்கலாம், மருத்துவமனையில் கேட்டால் செய்வார்கள்.

அடுத்தது பழைய சீட்டுகள். இருமல் ஆரம்பித்த முதல் மாதத்தில் பக்கத்துக் கிளினிக்கில் என்ன மாத்திரை கொடுத்தார்கள்? லெவோஃப்ளாக்சசின் இருந்ததா? அது டி.பி. கிருமியையும் ஓரளவு அடக்கும் மருந்து. ஐந்து நாள் போட்டால் காய்ச்சல் தணியும், சளி டெஸ்ட் நெகட்டிவ் ஆகும், இரண்டு வாரத்தில் எல்லாம் திரும்பி வரும். டி.பி. சந்தேகம் இருக்கும்போது அதை இருமலுக்குக் கொடுப்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் பழக்கம். ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா என்றும் பாருங்கள். ஸ்டீராய்டில் டி.பி.க்காரருக்கும் கொஞ்ச நாள் பசி எடுக்கும், காய்ச்சல் விடும். அதை வைத்து எந்த நோய் என்று முடிவு கட்டமுடியாது.

டி.பி.யாகவே இருந்தும் மாத்திரை கேட்காமல் இருக்கலாமா? இருக்கலாம். நோயாளியை சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணமாக்க முடியும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது நம் சேத்துப்பட்டில் உள்ள ஆய்வு மையம். அந்த மாத்திரைகள்மேல் எனக்குக் குறையாத நம்பிக்கை உண்டு. அதனால்தான் அவை வேலை செய்யாதபோது காரணத்தைத் தேடவேண்டும் என்கிறேன். மருந்து கேட்கும் டி.பி.யில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் விட்டு, பசி எடுக்க ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் எடை ஏறத் தொடங்கும். அப்படி நடக்கவில்லை என்றால் மருந்து எதிர்ப்பு இருக்கலாம். சிபிநாட் ரிஃபாம்பிசினை மட்டுமே பார்க்கிறது, இன்னொரு முக்கிய டி.பி. மருந்தான ஐசோனியசிட்டுக்கு எதிர்ப்பு இருந்தால் அதில் தெரியாது. அதற்கு எல்.பி.ஏ. என்ற தனி டெஸ்ட் கேட்கவேண்டும். கட்டுப்படாத சர்க்கரை இருந்தாலும், மாத்திரை போட்டு அரை மணியில் வாந்தி எடுத்தாலும் இதே நிலைதான். 26 வயதில் சர்க்கரை எங்கே என்று நினைக்காதீர்கள், பார்த்துவிடுங்கள். எச்.ஐ.வி. டெஸ்டும் செய்யவேண்டும். அதைக் கேட்பதால் தம்பியின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை, டி.பி. சந்தேகம் உள்ள எல்லோருக்கும் செய்வதுதான். நாலு படி ஏறினாலே ஆக்சிஜன் சட்டென்று இறங்குகிறது, எக்ஸ்ரே மட்டும் அவ்வளவு மோசமில்லை என்றால், எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு வரும் நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவை நாங்கள் நினைப்போம்.

ரத்தத்தில் பார்க்கும் டி.பி. கோல்டு டெஸ்ட் பாசிட்டிவ் என்று யாராவது காட்டினால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்ததை அது சொல்லும், இப்போது நோய் இருக்கிறதா என்று சொல்லாது. தோலில் போடும் மாண்டூவும் அப்படித்தான். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் பழைய டி.பி. டெஸ்டுகளை மத்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது.

சரி, டி.பி. இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நான் முதலில் கேட்பது மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன் எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனை. அதில் ஈஸ்னோபில் என்ற வெள்ளை அணு வகையின் எண்ணிக்கை இருக்கும், யாரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் எண். மைக்ரோலிட்டருக்கு 500 வரை சாதாரணம். 3,000-க்கு மேல் இருந்து, இருமல் ராத்திரியில் அதிகமாக வந்து, எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் பொடிப்பொடியான புள்ளிகள் இருந்தால் அது யானைக்கால் புழுவுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையாக இருக்கலாம். டிராபிகல் ஈஸ்னோபிலியா என்போம். காலில் வீக்கமே இருக்காது, ரத்தத்தில் புழுவும் பெரும்பாலும் சிக்காது. எக்ஸ்ரேயைப் பார்த்தால் நுரையீரல் முழுக்கப் பரவிய டி.பி. என்றே தோன்றும். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி சானடோரியத்தில் ஃப்ரிமாட் மோலரும் பார்ட்டனும் 1940-ல் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, ஈஸ்னோபில் கூடிய போலி டி.பி. என்றுதான் அதற்குத் தலைப்பே கொடுத்தார்கள். இதற்கு மூன்று வாரம் டி.இ.சி. என்ற யானைக்கால் புழு மாத்திரை, சில நாளிலேயே இருமல் அடங்கத் தொடங்கும். மாத்திரைக்கு முந்தைய ரிப்போர்ட்டைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. டி.பி. மருந்து ஒத்துக்கொள்ளாமலும் ஈஸ்னோபில் ஏறும், இப்போது எடுத்த ரத்தத்தை மட்டும் பார்த்தால் குழப்பம்தான் வரும்.

தம்பிக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்ததா? இருந்திருந்தால் ஏ.பி.பி.ஏ. என்ற நோயைக் கட்டாயம் பார்க்கவேண்டும். காற்றில் எப்போதும் இருக்கும் ஆஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சை, ஆஸ்துமாக்காரர்கள் சிலரின் மூச்சுக்குழாயில் தங்கிவிடும். உடம்பு அதோடு ஒத்துப்போகாமல் அலர்ஜியாக எதிர்க்கும். சளி இறுகி, குழாயின் வடிவத்திலேயே பழுப்புக் கட்டிகளாக வெளியே வரும். கேட்டால்தான் சொல்வார்கள், "ஆமாம் டாக்டர், ரப்பர் மாதிரி ஒன்று வந்தது" என்று. எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு இன்று வலது பக்கம் இருக்கும், இரண்டு மாதம் கழித்து இடது பக்கம் இருக்கும். அதனால் பழைய எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள், ஃபிலிம் மடங்கியிருந்தாலும் கொண்டுவாருங்கள். எனக்கு அந்தப் பழைய படங்கள் புது ஸ்கேனைவிட அதிகம் சொன்ன நாட்கள் உண்டு. ஆஸ்பர்ஜிலஸுக்கான ஐ.ஜி.ஈ., மொத்த ஐ.ஜி.ஈ. என்ற இரண்டு ரத்த டெஸ்ட், ஒரு சி.டி. ஸ்கேன் போதும், பெரும்பாலும் நோய் பிடிபட்டுவிடும். நம் நாட்டில் இவர்களில் பலர் ஒருமுறையாவது டி.பி. மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். நாள் கடந்தால் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோகும், அதைச் சரிசெய்ய முடியாது.

வீடு வியாசர்பாடி என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலோ பக்கத்து மாடியிலோ புறா வளர்க்கிறார்களா? வடசென்னையில் பந்தயப் புறா வளர்ப்பது எவ்வளவு பிரியமான விஷயம் என்று எனக்குத் தெரியும், அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்பேன். புறாவின் எச்சத்திலும் இறகுத் தூளிலும் உள்ள புரதம் சிலருடைய நுரையீரலில் அலர்ஜி நிமோனியாவைக் கொண்டுவரும். கூண்டைச் சுத்தம் செய்த அன்று சாயங்காலம் காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல், மறுநாள் பரவாயில்லை என்று ஆரம்பிக்கும். தினமும் பழகினால் அந்த ஏற்ற இறக்கமும் மறைந்து, எப்போதும் இளைப்பும் எடை குறைவும்தான் மிஞ்சும். வெளியூர் போய் பத்து நாள் இருந்தபோது தம்பிக்கு இருமல் குறைந்ததா, வீடு திரும்பியதும் கூடியதா? இந்த ஒரு பதில் பெரிய துப்பு. புறா இல்லாவிட்டாலும் பூஞ்சை பிடித்த ஏர் கூலர், கழுவாத ஏ.சி., ஒழுகும் சுவர், இறகுத் தலையணை எல்லாவற்றையும் விசாரிப்போம். 2017-ல் வெளியான இந்தியப் பதிவேட்டில், நுரையீரலின் இடைத்திசு வீங்கித் தடிக்கும் நோய்கள் வந்தவர்களில் பாதிப்பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு இந்த வகைதான் இருந்தது, அவர்களில் பலர் ஏர் கூலர் பயன்படுத்தியவர்கள். இதற்கு எச்.ஆர்.சி.டி. எனப்படும் ஸ்கேன் எடுக்கவேண்டும், மூச்சை உள்ளே இழுத்து ஒரு தடவை, வெளியே விட்டு ஒரு தடவை. வெளியே விட்டு எடுப்பதை நிறைய ஸ்கேன் சென்டர்களில் கேட்காவிட்டால் செய்வதில்லை. காற்று எங்கே சிக்கி நிற்கிறது என்று அதில்தான் தெரியும்.

வேலை, ஊர், சாப்பாடு பற்றியும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பல்லாவரம், திரிசூலம் பக்கம் கல் உடைக்கும் வேலை பார்த்தவர் என்றால் கல் தூசியால் வரும் சிலிகோசிஸ், அதோடு சேர்ந்தே டி.பி.யும் வரலாம். மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலத்திலிருந்து வந்து சென்னையில் வேலை பார்க்கும் இளைஞர் துரு நிறத்தில் சளி துப்பினால், அரைவேக்காடாக நண்டு சாப்பிட்டாரா என்று கேட்கவேண்டும். நண்டு வழியாக வரும் நுரையீரல் புழு அப்படியே டி.பி. மாதிரி இருக்கும், இரண்டு மூன்று நாள் பிராசிகுவாண்டல் மாத்திரையில் போய்விடும். மைக்ரோஸ்கோப்பில் கிருமி தெரிகிறது, சிபிநாட்டில் டி.பி. இல்லை என்று வந்தால் டி.பி.யின் தூரத்து உறவான வேறு மைக்கோபாக்டீரியாவாக இருக்கலாம். ஒல்லியான பையனுக்கு நுரையீரல் திடீரென்று சுருங்கிப்போவது அவ்வளவு அபூர்வமில்லை, ஆனால் இளம்பெண்ணுக்கு அது மறுபடி மறுபடி நடந்தால் நுரையீரலில் காற்றுப் பைகள் உருவாகும் லாம் என்ற அபூர்வ நோயைத் தேடி சி.டி. எடுத்தாகவேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்த பெற்றோரின் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே சைனஸ், சளி, எக்ஸ்ரேயில் இதயம் வலது பக்கம் என்றால், படத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்களோ என்று நினைக்கவேண்டாம், அது கார்டஜெனர் நோய்.

ஒரு விஷயத்தை இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சேர்க்கிறேன். மூன்று மாத இருமலாக இல்லாமல், ஐந்தாறு நாள் கடும் காய்ச்சல், அப்புறம் மூச்சு வாங்குகிறது என்றால் யோசிக்கும் வழியே வேறு. மழைக்காலமும் அதற்கடுத்த குளிர் மாதங்களும் ஸ்க்ரப் டைஃபஸ் வரும் காலம். புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்த இடத்தில், சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே, இடுப்பில் உடை இறுக்கும் இடத்தில் தேடவேண்டும். சட்டையைக் கழற்றாமல் பார்த்தால் கிடைக்காது. வழக்கமான நிமோனியா ஊசிகள் இதற்குக் கேட்காது, டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். மோசமான நிலையில் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது நல்லது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தேங்கிய தண்ணீரில் நடந்தவருக்கு எலிக்காய்ச்சலில் நுரையீரலுக்குள் ரத்தம் கசியலாம். சர்க்கரை உள்ளவருக்கு மண்ணிலிருந்து வரும் மெலியாய்டோசிஸ் டி.பி. போலவே தெரியும். சில லேப்கள் கல்ச்சரில் அதை வேறு கிருமி என்று ரிப்போர்ட் கொடுத்துவிடுவதும் உண்டு.

பிராங்கோஸ்கோப்பிக்கு வருவோம். சளியில் பதில் கிடைக்கவில்லை என்றால் நான் அதற்கு ஆதரவுதான். நாலைந்து மணி நேரம் வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே, லேசான மயக்கம். முடிந்ததும் தொண்டை உணர்வு திரும்பும்வரை, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. அன்றைக்குக் கொஞ்சம் காய்ச்சலும் சளியில் ரத்தக் கோடும் வரலாம். நெஞ்சின் நடுவில் நெறி கட்டியிருந்தால் ஈபஸ் என்ற அல்ட்ராசவுண்டு வசதியோடு ஊசியில் எடுப்பார்கள்.

இதில் நீங்கள் கையோடு உறுதி செய்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. எடுக்கும் சதை இரண்டு டப்பாவில் போகவேண்டும். ஒன்றில் ஃபார்மலின், அது பயாப்சி பார்ப்பவருக்கு. இன்னொன்றில் வெறும் சலைன், அது சிபிநாட்டுக்கும் டி.பி. கல்ச்சருக்கும் பூஞ்சைக் கல்ச்சருக்கும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும், கல்ச்சர் செய்யவே முடியாது. பிறகு பயாப்சியில் "கிரானுலோமா", அதாவது எதிர்ப்பு அணுக்கள் திரண்ட சின்னக் கட்டி, என்று மட்டும் வரும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் டி.பி. என்று எழுதிவிடுகிறார்கள். கிருமித் தொற்று இல்லாமலேயே வரும் சார்காய்டோசிஸ் என்ற நோயிலும் கிரானுலோமாதான் வரும், பூஞ்சை நோயிலும் புறா நோயிலும் வரும். டி.பி.க்கும் சார்காய்டோசிஸுக்கும் மருந்து நேரெதிர். ஒன்றுக்குக் கிருமிக்கொல்லி, மற்றொன்றுக்குத் தேவைப்பட்டால் ஸ்டீராய்டு. டி.பி. உள்ளவருக்குத் தவறாக ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் நோய் பரவிவிடும். செயல்முறைக்கு முன்னால், "டாக்டர், கல்ச்சருக்கும் தனியாக அனுப்புவீர்கள்தானே?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

இதற்கிடையில் எப்போதாவது தம்பி வாய் கொள்ளாமல் ரத்தம் துப்பினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே நின்றாலோ, கண் மஞ்சளானாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண் மஞ்சளாவது நோயால் இல்லாமல் டி.பி. மாத்திரை கல்லீரலைத் தாக்கியதாலும் இருக்கலாம், மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். தம்பிக்குக் கிருமி உறுதியானால், 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்பதால் அவளைக் குழந்தைகள் டாக்டரிடம் காட்டவேண்டும். அவளுக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, வராமல் தடுக்கும் மருந்து கொடுப்பார்கள், அரசு மையங்களில் அதுவும் இலவசம். உறுதியாகும்வரை தம்பி வீட்டில் முகக்கவசம் போடட்டும், தனி அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கட்டும். தட்டு, டம்ளர், துணி வழியாக டி.பி. தொற்றாது, அதையெல்லாம் தனியாகப் பிரித்துவைத்து அவனை நோகடிக்காதீர்கள். மாடியில் புறாக் கூண்டு இருந்தால் ஸ்கேன் முடிவு வரும்வரை தம்பியும் மகளும் அந்தப் பக்கம் போகவேண்டாம்.